பகலில் நடமாடும் பாம்பு

சாரை பகலில் நடமாடும் பாம்பு. அதைப் பற்றி எனக்குத் தோன்றுவதெல்லாம் இந்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறது. கட்டுவிரியன் ஊர் அடங்கிய பிறகு கிளம்பும். கண்ணாடி விரியன் பெரும்பாலும் இருட்டில்தான் நகரும். பகலில் சருகோடு சருகாகக் கிடக்கும். சாரைக்கு வெயில் வேண்டும். காலையில் வரப்பு மேட்டிலோ வாய்க்கால் கரையிலோ உடம்பைச் சூடேற்றிக்கொண்டு, நாம் களையெடுக்கிற நேரத்தில், நாம் நடக்கிற அதே வரப்பில் இரை தேடும். எங்கள் காவிரிப் படுகையில் மக்கள் கண்ணில் அதிகம் படுகிற பாம்பு அதுதான். அடிபட்டுச் சாவதிலும் அதுவே முதலில் நிற்கிறது.

அதற்கு நஞ்சில்லை என்பது ஊரில் பலருக்கும் தெரியும். “சாரைதான்” என்று சொல்லிக்கொண்டே கம்பை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே அறியாமையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பார்த்த கணத்துக்கும் கை ஓங்கும் கணத்துக்கும் நடுவே கிடைக்கிற நேரம் மிகக் கொஞ்சம். அந்த நேரத்தைச் சற்று நீட்டிப் பார்க்கத்தான் இந்தக் குறிப்புகளை எழுதி வருகிறேன்.

*

தோட்டத்து வேலியில் கோழி புகாமலிருக்கப் பழைய நைலான் வலை கட்டுவது இப்போது எங்கும் வழக்கமாகிவிட்டது. கிழிந்த மீன்வலை மலிவாகக் கிடைக்கிறது. பாம்பு அதில் தலையை நுழைக்கும், கழுத்தும் நுழைந்துவிடும். முன்னால் போகப் போக உடல் பருத்து நூல் இறுகும். பின்வாங்கினாலோ, வால் பக்கமாகப் படிந்திருக்கும் செதில்களின் விளிம்பில் நூல் கொளுவிக்கொள்ளும். முன்னும் போக முடியாது, பின்னும் வர முடியாது. வெயில் ஏறினால் அங்கேயே வெந்து சாகும்.

பக்கத்து வீட்டு அக்கா கொல்லையிலிருந்து கூப்பிட்டார். “தம்பி, வலையில ஒண்ணு மாட்டிக்கிட்டுக் கெடக்கு. நல்லதா சாரையான்னு பாத்துச் சொல்லு. சாரைன்னா அவுத்து விட்டுடலாம்.”

அவசரமில்லாமல் பார்க்கக் கிடைத்த நேரம் அது. முதலில் கண். சாரையின் கண் பெரியது, கண்மணி வட்டம். பகல் வெளிச்சத்தில் ஓடும் இரையைத் துரத்திப் பிடிக்கிற பிராணிக்கு அந்தக் கண் வேண்டும். அடுத்து உதடு. மேலுதட்டுச் செதில்கள் ஒவ்வொன்றின் ஓரத்திலும் மை தொட்டு இழுத்தது போலக் கறுப்புக் கோடு. நல்லபாம்பின் முகத்தில் இப்படி வரிசையான கோடுகள் கிடையாது. கழுத்து தலையைவிடத் தெளிவாக ஒல்லி. உடலின் பின்பாதியில் ஒழுங்கில்லாத கறுப்புப் பட்டைகள். வாலில் அவை வலைப்பின்னலாகச் சேர்ந்துவிடுகின்றன. வால் மட்டுமே மொத்த நீளத்தில் கால் பங்குக்கு மேல். இது ஆறடிக்குக் குறையாத பாம்பு. சாரைகள் சாதாரணமாகவே ஐந்து, ஆறு அடி இருக்கும். ஏழடியைத் தாண்டுவனவும் உண்டு. நிறத்தை நம்பக் கூடாது. மஞ்சள் சாரை, கருஞ்சாரை என்று ஊரில் பிரித்துச் சொல்வதெல்லாம் ஒரே இனம்தான். வெளிறிய மஞ்சள் தொடங்கிப் பழுப்பு, ஏறக்குறையக் கறுப்பு வரை எல்லா நிறத்திலும் அது வருகிறது.

நன்றாகத் தெரிந்தாலொழியக் கையை நீட்டக் கூடாது. சந்தேகமிருந்தால் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யலாம், வந்து பிடித்துப் போவார்கள். இது ஐயமில்லாமல் சாரை. ஈரச் சாக்கைத் தலைமேல் போட்டு அக்கா மெதுவாக அமுக்கிக்கொண்டார். நான் நகவெட்டியால் ஒவ்வொரு கண்ணியாக நறுக்கினேன். நூல் அழுந்திய இடத்தில் செதில்கள் விலகி, அவற்றுக்கிடையே உள்ள மெல்லிய தோல் வெளுத்துத் தெரிந்தது. அதற்குக் கீழே மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாம்பின் மூச்சு இவ்வளவு நீள உடம்பில் ஓடுவதை விரலில் உணர்வது வேறு அனுபவம். சாரைக்கு வலது நுரையீரல்தான் வேலை செய்வது. அது உடலின் நீளவாக்கில் நீண்டு கிடக்கிறது. பயத்தில் பாம்பு வாலடியிலிருந்து நாறும் திரவத்தை விட்டது. கை கழுவியும் மாலை வரை அந்த வாடை போகவில்லை.

கடைசிக் கண்ணி அறுந்ததும் சாக்கை விலக்கினோம். அது ஓடிய வேகத்தில் எந்தப் பக்கம் போனது என்று சொல்லத் தெரியவில்லை. “போயிடுச்சா?” என்று அக்கா கேட்டார். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

*

நெல்லுக்குப் பால் பிடிக்கும் பருவத்தில் எலி பெருகும். வயலெலியின் கர்ப்பகாலம் ஏறக்குறைய மூன்று வாரம்தான். வரப்புக்குள் பல வாய்களோடு வளை தோண்டி, சில வாய்களை மண்ணால் அடைத்து, உள்ளே கதிரைக் கொண்டுபோய் அடுக்கும். இருளர் பழங்குடியினர் வளையைத் தோண்டும்போது எலியோடு படிக்கணக்கில் நெல்லும் எடுப்பார்கள்.

இந்த எலியைப் பிடிக்க எங்கள் பக்கத்தில் தஞ்சாவூர்க் கிட்டி உண்டு. மூங்கிலை வளைத்து நாண் கட்டி, இரை வைத்து, மாலையில் வயலெங்கும் நட்டுவிட்டுக் காலையில் எடுப்பார்கள். ஆந்தை வந்து உட்காரக் குச்சி நடுவதும் உண்டு. கிட்டியும் ஆந்தையும் பூனையும் வளையை விட்டு வெளியே வந்த எலியைத்தான் பிடிக்கும். சாரை வளைக்குள்ளேயே போகிறது. கண் திறக்காத குஞ்சுகள் இருக்கிற அறை வரை போய் அங்கேயே தின்கிறது. எலி எங்கே பிறக்கிறதோ அந்த இடத்துக்கு அது போய்ச் சேர்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வரப்பின் மேல்பகுதி மட்டுமே தெரிகிறது, அதற்குக் கீழே ஓர் ஊரே இருக்கிறது என்று தோன்றும்.

எலி மருந்து வைக்கும் வயல்களில் இந்தக் கணக்கு கெடுகிறது. மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை. தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலி சாரைக்கு எளிதாக அகப்படும், மருந்தும் அதனோடு உள்ளே போகும்.

சாரை எலியை மட்டும் தின்பதில்லை. தவளை, தேரை, ஓணான், பறவை, முட்டை, வௌவால், வேறு பாம்புகள் என எதையும் விடாது. உழவனின் நண்பன் என்று அதைப் புகழ்வதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நண்பனாக இருந்தால்தான் உயிரோடு விடுவோம் என்று ஆகிவிடுகிறது. ஓர் ஆண்டு எலி குறைந்தால் அதற்கு வாழும் உரிமை குறைந்துவிடுமா? அது தன் பசிக்குத் தின்கிறது. நமக்கு நெல் மிஞ்சுவது அதன் பக்க விளைவு. அதற்கு நன்றி சொல்லலாம். அதையே அளவுகோலாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

*

பாம்பின் வாயில் அகப்பட்ட தவளை கத்துவதை வயல்வெளியில் வளர்ந்தவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். இழுத்து இழுத்து வரும் அந்தக் குரலை வேறெதோடும் குழப்பிக்கொள்ள முடியாது. மலைப்பாம்பு சுற்றி நெரிக்கும். நல்லபாம்பு நஞ்சைச் செலுத்திவிட்டுக் காத்திருக்கும். சாரைக்கு இரண்டும் இல்லை. கவ்விய இரையைத் தன் உடலின் கனத்தால் தரையோடு அமுக்கிவிட்டு, பெரும்பாலும் உயிரோடேயே விழுங்கத் தொடங்கும்.

நாற்றங்கால் ஓரத்தில் அப்படியொன்றை உட்கார்ந்து பார்த்தேன். தவளையின் பின்னங்கால்கள் முதலில் உள்ளே போயிருந்தன. பாம்பின் கீழ்த்தாடை எலும்புகள் இரண்டும் முன்புறத்தில் ஒட்டியிருப்பதில்லை. மீள்தன்மையுள்ள நாரால் இணைந்திருக்கின்றன. அதனால் இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை என்று தாடைகள் மாறி மாறி முன்னேறுகின்றன. பற்கள் உள்நோக்கி வளைந்தவை. வாய் முழுக்க இரை இருக்கும்போது மூச்சுவிட, மூச்சுக்குழலின் வாயைக் கீழ்த்தாடை மேல் முன்னால் நீட்டி வைத்துக்கொள்கிறது. தவளை உடலை உப்பவைத்துப் பார்த்தது. கத்தியது. பிறகு கத்தவில்லை.

கம்பால் தட்டி விடுவித்திருக்கலாம். என் கை போகவில்லை, அது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் தவளையின் பக்கம் நின்றும் ஒரு முறை பார்க்க வேண்டும். சாரையைக் காக்க வேண்டும் என்று சொல்கிறவன் அந்தக் குரலையும் கேட்டுக்கொண்டுதான் சொல்ல வேண்டும்.

*

கோடையில் இரண்டு பாம்புகள் முறுக்கிக்கொண்டு ஆளுயரத்துக்குப் பாதி எழுந்து ஆடுவதைக் கண்டால் ஊரே கூடிவிடும். சாரையும் நாகமும் பிணைகின்றன என்பார்கள். சாரை ஆண், நாகம் பெண் என்பது பழைய நம்பிக்கை. புது வேட்டியை மேலே போட்டு எடுத்துவந்து பெட்டியில் வைத்தால் செல்வம் சேரும் என்று ஓடுகிறவர்களும் உண்டு.

அங்கே இருப்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். இணைக்காகவும் இடத்துக்காகவும் அவை பொருதுகின்றன. சாரையும் நாகமும் வேறு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. அவற்றுக்குள் கலப்பு நடப்பதில்லை. மெய்யான இணைசேர்தல் தரையோடு தரையாக, நீண்ட நேரம், சத்தமில்லாமல் நடக்கும். அதை யாரும் கூட்டம் கூடிப் பார்த்ததாக நான் கேட்டதில்லை.

சண்டையைப் பொறுமையாகப் பார்த்தால் அதன் விதி புரியும். இரண்டும் உடலின் முன்பகுதியை உயர்த்தும். ஒன்று மற்றதன் தலைக்கு மேல் தன் தலையைக் கொண்டுபோகப் பார்க்கும். மேலே போனது கீழே இருப்பதைத் தரையை நோக்கி அமுக்கும். அமுங்கியது நழுவி மறுபடி எழும். பின்னிக்கொள்வதும் பிரிவதும் மறுபடி பின்னிக்கொள்வதுமாக நெடுநேரம் போகும். சுற்றி ஆட்கள் நிற்பதைக்கூட அவை பொருட்படுத்துவதில்லை. கடிப்பதில்லை. எலியின் தோலைக் கிழிக்கிற அதே பற்கள் வாயில் இருக்கின்றன, தொடும் தூரத்தில் எதிரியின் கழுத்தும் இருக்கிறது, ஆனாலும் கடிப்பதில்லை. களைத்தது விலகிப் போகும். வென்றது கொஞ்ச தூரம் துரத்திவிட்டு நின்றுவிடும்.

வேட்டி போடுகிறவர்களை நான் தடுப்பதில்லை. கல் எறிகிறவர்களைத்தான் தடுக்கிறேன்.

*

பசுவின் பின்னங்கால்களைச் சுற்றிக் கட்டிப்போட்டுச் சாரை பால் குடிக்கும் என்ற பேச்சு இன்றும் இருக்கிறது. உறிஞ்சுவதற்கு உதட்டுத் தசை வேண்டும். பாம்புக்கு அது கிடையாது. பற்கள் எல்லாம் உள்நோக்கி வளைந்தவை, அந்த வாயில் காம்பைக் கொடுத்துவிட்டு எந்தப் பசுவும் சும்மா நிற்காது. மாட்டுக்கொட்டிலுக்கு அது வருவது வைக்கோலுக்கு வரும் எலிக்காகவும் ஈரத்துக்கு வரும் தேரைக்காகவும். வாலில் நஞ்சு, வாலால் அடித்தால் உடம்பு அழுகும் என்பதும் அதே வகைப் பேச்சு. பிடித்தால் வாலைச் சுழற்றும், உண்மை. கடிக்கவும் செய்யும், இரத்தம் வரும். கழுவிவிட்டு டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டால் போதும், கடித்தது சாரைதான் என்று உறுதியாகத் தெரிந்தால். தெரியாவிட்டால் நேரே மருத்துவமனைதான்.

*

தப்பிக்க வழியில்லாமல் மூலையில் மடக்கினால் சாரை கழுத்தைப் பக்கவாட்டில் ஒடுக்கி, தொண்டையைக் கீழ்நோக்கி உப்பவைத்து உறுமும். சீறல் இல்லை அது. தாழ்ந்த, கனத்த உறுமல். இந்த உடம்பிலிருந்து அப்படியொரு ஒலி வரும் என்று முதல்முறை கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். புரூஸ் யங் என்ற உயிரியலாளரும் அவருடன் இருந்தவர்களும் சாரை எப்படி இந்த ஒலியை எழுப்புகிறது என்று ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டார்கள். ராஜநாகத்தின் உறுமலை இது ஒத்திருப்பதால், சாரை அதைப் போல நடித்துப் பகையை விரட்டுகிறதோ என்ற கேள்வியை அந்த ஆய்வு எழுப்பியது.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் ராஜநாகம் பாம்புகளைத் தின்று வாழ்வது. அதன் இரைகளில் சாரைக்கு முக்கிய இடம் உண்டு. தன்னைத் தின்பவனின் குரலில் பேசித் தன்னைக் காத்துக்கொள்வது என்றால், அது எத்தனை தலைமுறை அச்சத்தில் உருவாகியிருக்க வேண்டும்! எங்கள் சமவெளியில் ராஜநாகம் இல்லை. ஆனாலும் இங்குள்ள சாரை உறுமத்தான் செய்கிறது. இங்கே அந்த உறுமல் அதற்கு எதிராகவே போகிறது. உப்பிய கழுத்தையும் உறுமலையும் கண்டவர்கள் படமெடுக்கிற நாகம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கீரிக்கும் நாய்க்கும் முன்னால் கைகொடுக்கும் தந்திரம், கம்பு பிடித்த மனிதனுக்கு முன்னால் உயிரை வாங்கிவிடுகிறது.

*

பயத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று 2020-இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58 ஆயிரம். பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள். இருட்டில் மடை திறக்கப் போகிறவர்கள், தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர்கள். அவர்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, பாம்பை நேசியுங்கள் என்று சொல்ல வாய் வராது. டார்ச்சும் செருப்பும் கட்டிலும் கொசுவலையும் இல்லாத வீட்டில் எந்தப் பாம்பைப் பற்றியும் பாடம் நடத்தக் கூடாது.

ஆனால் கொல்லுகிற பாம்பு எது, கொல்லாதது எது என்று பிரித்தறிகிற கண் அந்த வீட்டுக்கே பயன்படும். சோழமண்டலக் கரையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேலை செய்த மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல் இதற்காகவே பாம்புகளைச் சேகரித்து, சோதித்து, வண்ணப் படங்களோடு 1796-இல் நூலாக வெளியிட்டார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வேலை முடிந்தபாடில்லை.

*

இருளர்களுக்கு அந்தக் கண் எப்போதும் இருந்தது. வளைவாயின் மண்ணைப் பார்த்து உள்ளே இருப்பது என்ன, போய் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்வார்கள். அந்த அறிவை ஒரு காலத்தில் தோல் வியாபாரம் விலைக்கு வாங்கியது. வெளிநாட்டுக் கைப்பைக்கும் பெல்ட்டுக்கும் செருப்புக்குமாக இந்தியப் பாம்புத் தோல்கள் லட்சக்கணக்கில் போயின. நீளமும் அகலமும் உள்ள சாரைத் தோலுக்கு எப்போதும் கிராக்கி. பிடித்தவருக்குக் கிடைத்தது சில்லறைக் காசு. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதி நின்றது. பாம்பு தப்பியது, இருளர் வீட்டு அடுப்பு அணைந்தது. 1978-இல் பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு செங்கல்பட்டுப் பகுதியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்செடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாட்டின் நஞ்சுமுறி மருந்துக்கு அந்த நஞ்சுதான் பெரிய ஆதாரம். சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

சாரைக்கு அந்தச் சங்கத்தில் வேலையில்லை. எடுப்பதற்கு அதனிடம் ஒன்றுமில்லை. சட்டம் இங்கே அதைக் காக்கிறது. ஜாவாவில் தோலுக்கும் இறைச்சிக்குமாக அதன் இனம் இன்னும் பிடிபடுகிறது.

*

கிளுவை வேலியில் ஒரு சட்டை. பாம்பு உதட்டோரத்தில் தோலைக் கிழித்து, முள்ளிலும் கல்லிலும் உரசி, உள்புறம் வெளிப்புறமாக உரித்துவிட்டுப் போகும். உரிப்பதற்குச் சில நாள் முன்பு கண் பால் நிறமாகிப் பார்வை மங்கும். அப்போது அது வளையைவிட்டு வராது. தண்ணீரில் நனைத்து இந்தச் சட்டையை விரித்துப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்த வில்லைகள்கூட இரண்டு சிறு கண்ணாடிக் குமிழ்களாக அதிலேயே இருந்தன. பாம்புக்கு இமை கிடையாது; இந்த வில்லைதான் மூடி, தோலோடு அதையும் கழற்றிவிடுகிறது. நடுவுடலில் குறுக்காகச் செதில் வரிசைகளை எண்ணினேன், 17. வால் பக்கம் போகப் போக அவை குறைகின்றன. உடலில் இருந்த கறுப்புப் பட்டைகளின் நிழல் சட்டையிலும் லேசாகத் தெரிகிறது.

*

முட்டையிடும் காலத்தில் பெண் சாரை பழைய கறையான் புற்றையோ, கைவிட்ட எலி வளையையோ, மக்கிய குப்பைமேட்டையோ தேடும். பத்துப் பன்னிரண்டு முட்டைகள் இடும். ஓடு கெட்டியாக இருக்காது, தோல் போல மிருதுவாக இருக்கும். முட்டையோடு தங்கியிருக்கும் தாய்ப்பாம்புகளைப் பற்றிய பதிவுகள் இருக்கின்றன. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் வெளிவரும் குட்டி ஒரு முழத்துக்குக் கிட்டே இருக்கும். முன்னுடலில் வெளிறிய குறுக்குப்பட்டைகள் ஓடும். அதைக் கட்டுவிரியன் என்று நினைத்து மிதிக்கிறவர்கள் உண்டு.

வீட்டை ஒட்டி அடுக்கியிருந்த உடைந்த செங்கற்களை இந்தக் கோடையில் எடுத்துவிட்டோம். எலி தங்கும், எலியைத் தேடி எல்லாப் பாம்பும் வரும், அவற்றில் நல்லபாம்பும் இருக்கும். சாரை இருக்கிற இடத்தில் நாகம் வராது என்பதை நம்பிக் குழந்தைகள் நடமாடும் இடத்தில் குவியலை வைத்திருக்க முடியாது. செங்கலை வண்டியில் ஏற்றிப் போய் வயலின் தென்மேற்கு மூலையில், பனையடியில், இடைவெளி விட்டு அடுக்கினோம். அங்கே ஏற்கெனவே ஒரு புற்று இருக்கிறது. வேலைக்கு வந்த பெரியவர் கேட்டார்: “இங்கன அடுக்குனா என்ன தம்பி பிரயோசனம்?”

சாரை முட்டை வைக்கட்டும் என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப அடில ரெண்டு வரிசை இன்னும் அகலமா விடணும். பெருசு நொழையணும்ல” என்று சொல்லிவிட்டு, அடுக்கியதைப் பிரிக்கத் தொடங்கினார்.